பூச்சும் பூச்சியும்

ஈச்சிலம்பற்றில் பதினோராவது வீடு.
ஆமணக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்ட
மூன்று கடதாசிகளையும் விடியவே கழற்றுகிறேன்.
ஒன்றில் நுளம்பு, இரண்டு சிற்றெறும்பு.
மற்றதில் பல்லி வாலின் நுனி.

மணல் ஈ: பூச்சியம்
என்று நான் எழுத
கோகிலராணி எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள்.
“பூச்சி இல்லையெண்டதுக்கும்
பூச்சியெண்டுதானே தொடங்குறீங்க.”

முழங்கைக்குக் கீழே அவளுக்கொரு புண்.
நோவில்லை, கடியில்லை.
ஐப்பசியில் பயறளவு.
இப்போது ஐந்து ரூபாய்க் குற்றியளவு.
சோளத்துக்குக் காவலிருந்த இடத்தில்
முள் கீறியதாம்.
முள்ளென்றால் இதற்குள் ஆறியிருக்கும்.

மூதூர் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுக்கிறேன்.
மடித்து அரிசி வாளிக்குள் வைக்கிறாள்.
“பஸ்ஸுக்குப் போக வர எவ்வளவு தெரியுமா?”
என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

சுவர் வெடிப்புக்குள் டோர்ச் அடிக்கிறேன்.
விரல் நுழையும் ஆழம். உள்ளே ஈரம்.
கடுகிலும் சின்னதாய் ஒன்று
இறகிரண்டையும் தூக்கிப் பிடித்தபடி
அசையாமல் இருக்கிறது.
குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிறேன்.
நாக்கில் அவள் வீட்டு மண்.

பூச்சியத்தை வெட்டி ஒன்று போடுகிறேன்.

“பிடிச்சாச்சா? அப்ப சுவருக்குப் பூச்சு எப்ப?”

படிவத்தில் பன்னிரண்டு நிரல்கள்.
பூச்சியின் பால், வயிறு நிறைந்ததா வெறுமையா,
எல்லாவற்றுக்கும் இடமுண்டு.
பூச்சுக்கு இல்லை.
‘வேறு குறிப்புகள்’ என்ற ஒற்றை வரியில்
சீமெந்து இரண்டு பை என்று
கோட்டுக்கு வெளியே போகுமளவு பெரிதாக எழுதுகிறேன்.

எண்ணெய்க் கடதாசி அடுப்பு மூட்ட நல்லதாம், கேட்கிறாள்.
எதுவும் ஒட்டாத மூன்றாவதைக்
கொடுத்துவிட்டுப் படலை தாண்டுகிறேன்.
பன்னிரண்டாவது வீட்டு நாய்
இப்போதே குரைக்கிறது.