உதவி என்றொரு கட்டம்

தாளில் பதினொரு கட்டங்கள்.
ஏழாவது, உதவி.
பாஸ் வாங்கியவள் அப்படியே போட்டால் ஒரு கோடு.
வாங்கி, இரண்டு தட்டுத் தட்டி, யோசித்துப் போட்டால்
கோடு கிடையாது.
வளையத்தைச் சுற்றிவந்து பந்து வெளியே விழுந்தாலும்
கிடையாது, பாஸ் எத்தனை அழகாயிருந்தாலும்.
விதியை நான் எழுதவில்லை.
பென்சில் மட்டும் என்னுடையது.

பினாங்கு, ஆயர் ஈத்தாம், சீனப் பள்ளி மண்டபம்.
சனிக்கிழமை நாலரைக்குத் தகரக் கூரைமேல் மழை இறங்கினால்
விசில்கூடக் கேட்காது.
நடுவரின் விரல்களைப் பார்த்து எழுதுவேன்.

போன வருஷம் யுகேஸ்வரிக்கு
ஆட்டத்துக்கு ஒன்பது.
இந்த வருஷம் மூன்று.
கை அதே கை.
இடது சுண்டுவிரலில் அதே வெள்ளை டேப்.

கோச் கூ இருந்த காலத்தில்
நின்ற இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள்.
ஸுலைக்கா தோளைக் கதவாக்கி ஒருத்தியை மறிப்பாள்.
கதவின் மறைவில் பெய் யிங் நழுவுவாள்.
ஷெரில் கார்னரில் சும்மா நிற்பது போலிருக்கும்;
தூரத்திலிருந்து போட்டுவிடுவாளோ என்ற பயத்தில்
எதிரணிக்காரி ஒருத்தி அவளோடு கட்டுண்டு கிடப்பாள்.
யுகேஸ்வரி செய்ய வேண்டியதெல்லாம்
ஆள் இல்லாத இடத்தில் பந்தை வைப்பது.
பந்து போய்ச் சேர்வதற்குள்
ஆள் வந்திருக்கும்.
பென்சில் சீவ நேரமில்லாமல் கோடு போட்டேன்.
'இவளுக்கு முதுகுலயும் கண்ணு'
என்றார்கள் பெஞ்சில் மைலோ குடித்தவர்கள்.

பிறகு கோச் தியோ வந்தார்,
கூடவே ஆறடி ஹுய் மின்.
கொண்டு வா, ஹுய் மின்னிடம் கொடு, விலகி நில்.
அவ்வளவுதான் பாடம்.
ஹுய் மின் முதுகால் நெட்டுவாள்,
மூன்று தட்டு, நான்கு தட்டு,
ஒரு திரும்பல்,
போட்டுவிடுவாள். பொய் சொல்லக் கூடாது,
அணி ஜெயித்துக்கொண்டுதான் இருக்கிறது.
ஏழாவது கட்டம் வெள்ளையாய்க் கிடக்கிறது.
'போன வருஷம் ஏதோ அதிர்ஷ்டம்'
என்கிறார்கள், அதே பெஞ்சு, அதே மைலோ.

பகலில் நான் பாயான் லெப்பாஸில்
சிப் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு.
மார்ச்சில் மூன்றாம் லைனைத் திருப்பிப் போட்டார்கள்.
அதே பெண்கள், அதே விரல்கள்,
எண்ணிக்கை சரிந்தது.
போனஸ் வெட்டிய கடிதங்களில்
ஒவ்வொருத்தி பெயரும் தனித்தனியாய் அச்சாகியிருந்தது.
லைனின் பெயருக்குக் கடிதம் எதுவும் போகவில்லை.
நான்தான் உறையில் போட்டு ஒட்டினேன்.

காலிறுதி.
நான்கு நிமிடம் மிச்சமிருக்கையில்
ஹுய் மின்னுக்கு ஐந்தாவது ஃபவுல்.
துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.
கோச் பலகையை எடுப்பதற்குள்
ஸுலைக்கா தோளைக் கொடுத்துவிட்டாள்,
பெய் யிங் ஓடத் தொடங்கிவிட்டாள்,
ஓடிப் பழக்கம் விட்டுப்போன கால்கள்.
யுகேஸ்வரி ஆறு கொடுத்தாள்.
இரண்டு விழுந்தன.
ஒன்று வளையத்தில் உட்கார்ந்து யோசித்து வெளியே போனது.
மூன்று, மூச்சு வாங்கியவர்களின் கையிலிருந்து குறைவாய்ப் போனது.
ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

மேசைக்கு வந்தாள். வியர்வை தாளில் சொட்டியது.
'அக்கா, எத்தனை?'
'ரெண்டு.'
ஓரத்தில் நான் வைத்திருந்த நான்கு சின்னப் புள்ளிகளைப் பார்த்துவிட்டாள்.
'இது என்ன?'
'நீ கொடுத்தது. விழாதது.'
விரல் வைத்து எண்ணினாள்.
கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
'விட்டுட்டீங்க லா, அக்கா' என்றாள்,
'ஸுலைக்காவோட ஸ்க்ரீன். அது இல்லன்னா
இந்த ஆறும் இல்ல.'

அதற்கு எங்கே வைப்பது என்று தெரியாமல்
இன்னொரு புள்ளி வைத்தேன், கட்டங்களுக்கு வெளியே,
அவள் பார்க்கும்படி.

மேல் தாள் எனக்கு. ரோஸ் தாள் சங்கத்துக்கு.
கிழித்துக் கொடுக்கும்போது கவனித்தேன்:
மெதுவாய் வைத்த புள்ளி எதுவும்
கார்பனில் இறங்கவில்லை.