எட்டாம் கேள்வி

விண்ணப்பத்தில் எட்டாம் கேள்வி:
கூடுதல் ஆள் ஏன் தேவை?
நூறு சொல்லுக்குள், மலாயில், நீல மையில்.

முதலில் எழுதினேன்:
சுங்கை பாக்காப்பைத் தாண்டி
செம்பனைக்குள் நான்கு மைல் வந்தால்
தாஸ்கா என்று இருப்பது இது ஒன்றுதான்.
அடித்துவிட்டேன்.
முகவரிக் கட்டம் ஏற்கெனவே அதைச் சொல்கிறது.

பிறகு எழுதினேன்:
ஐந்து ஐம்பதுக்கு பத்து காவான் ஃபேக்டரி பஸ்.
ஐந்து நாற்பதுக்கு என் கேட்டில்
பிள்ளைகள் கைமாறுகின்றன
தோளிலிருந்து தோளுக்கு, விழிக்காதபடி.
எனக்கு இரண்டு தோள்
கோகிலாவுக்கு இரண்டு
வரிசையில் ஆறு தாய்மார்.
தோளுக்கு மலாயில் சொல் தெரியும்.
அரசாங்கப் படிவத்தில் அதை எழுதலாமா என்றுதான் தெரியவில்லை.

கைக்குழந்தை மூன்றுக்கு ஒருவர், இது சட்டம்.
சட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை.
ஒருத்திக்குப் பால் கலக்கும்போது
இன்னொருத்தன் எறும்பைத் தின்கிறான்.
மூன்றாவது சும்மா கிடக்கிறது;
சும்மா கிடப்பதுதான் பயம்.
கோகிலாவோ பெரியதுகள் பத்தோடு அடுத்த அறையில்.
நான்காவது என்று ஒன்று சட்டத்தில் இல்லை.
என் தொட்டிலில் இருக்கிறது.
பெயர் ஹரிணாஷினி. பல் இரண்டு.

எழுதினால் உரிமம் போகும்.
எழுதாவிட்டால் ஆள் வராது.
பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு
கஞ்சி இறக்கப் போனேன்.

புவான் ரொஹாயா அளவு டேப்போடு வந்தார்.
கழிவறைக் கதவு, ஜன்னல் கம்பி இடைவெளி,
தீயணைப்புக் குப்பியின் காலாவதித் தேதி.
காலைக் கட்டிக்கொண்ட தவீஷனிடம்
டேப்பின் மறுமுனையைக் கொடுத்தார்.
அவன் பிடித்தபடி அவரை நோக்கி நடக்க
அறை இரண்டடி சுருங்கியது.
சிரித்தோம். மறுபடி அளந்தார்.
பிறகு தொட்டில்களை எண்ணினார்,
ஒன்று, இரண்டு, மூன்று,
அங்கேயே நிறுத்தி
பேனாவை மூடினார்.
"எட்டாம் கேள்வி காலியாக இருக்கிறது.
நன்றாக எழுதுங்கள்."

எட்டு மாதம் கழித்து வந்தது மானியம்.
வழுக்காத ஓடு, பதினாறு மெத்தை,
குட்டையான கழிவறை ஒன்று,
வாசலைவிட அகலமான பெயர்ப்பலகை.
இரண்டு ஆளுக்கு ஓராண்டுச் சம்பளம்.

ஆள்தான் வரவில்லை.
மினி மார்க்கெட் கண்ணாடியில் ஒட்டினேன்
கோயில் மண்டபத் தூணில் ஒட்டினேன்
மழை வந்து எழுத்தைத் தின்றது.
அதே சம்பளம், மேலே ஓவர்டைம்,
ஏசி பஸ் வீட்டு வாசலுக்கே வருகிறது.
மாசியில் கோகிலாவும் ஏறினாள்.
அழுதுகொண்டே ஏறினாள்.
நான் என்ன கோபப்பட?
அவள் பிள்ளையும் இப்போது என்னிடம்தான்.

பங்குனியில் ஒரு மாலை நளாயினி,
தவீஷனின் அம்மா,
நீல அங்கியைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.
"அக்கா, அந்த வேலை இன்னும் இருக்கா?"
ஓவர்டைம் கிடையாது என்றேன்.
"அவன் முதல்ல நடந்ததை
நீங்கதானே போன்ல அனுப்புனீங்க.
லைனுக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்க.
ராத்திரிதான் பார்த்தேன்."
பயிற்சி இருக்கு, டைபாய்டு ஊசி இருக்கு என்றேன்.
கையை அப்போதே நீட்டினாள்.

இப்போது நாங்கள் இரண்டு பேர்
பெரியதுகள் பத்து
கைக்குழந்தை மூன்று, சட்டப்படி.
ஹரிணாஷினி எழுந்து நடந்து
கணக்கிலிருந்து தானே வெளியேறிவிட்டாள்.
இரண்டாம் இடம் இன்னும் காலி.

தவீஷனுக்கு ஒரு சிக்கல்.
உள்ளே "அம்மா" என்று அவன் கூப்பிட்டால்
மற்ற ஒன்பதும் அழத் தொடங்கும்.
அதனால் பகல் முழுக்க "டீச்சர்."
கஞ்சிக்கு டீச்சர், கழுவிவிட டீச்சர்,
முட்டியில் அடிபட்டாலும் டீச்சர்.
ஐந்தரைக்குச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு
கேட்டைத் தாண்டி, ஒரு காலும் மிச்சமில்லாமல் தாண்டி,
திரும்பி நின்று கையைத் தூக்குகிறான்:
"அம்மா."

அடுத்த ஆண்டுக்கான படிவம் வந்திருக்கிறது.
எட்டாம் கேள்வி அப்படியே.
இம்முறை ஐம்பது சொல்தான்.