மூன்றாம் குறிப்பு

வெள்ளிக்கிழமையே இரண்டு குறிப்புகள் முடிந்துவிட்டன.
பாடாங் செராயில் பாசார் மாலாம் இரைச்சல்
அடங்கப் பத்து மணி ஆகும்.
அதற்குள் தோட்டக்காரனின் கெஞ்சலையும்
எஜமானின் பொறுமையையும்
கோடு போட்ட தாளில் இறக்கியிருந்தேன்.
மூன்றாவதுதான் வரவில்லை.

இறையியல் கல்லூரியில் சொல்லித்தந்தார்கள்:
பிரசங்கம் ஒரு முக்காலி,
இரண்டு காலென்றால் சபை கீழே விழும்.
மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்கினால்
கேட்டவர்கள் வீடுவரை கொண்டுபோவார்கள்.
சொன்னவர் மூன்றையும் 'ப'வில்தான் தொடங்கினார்.
ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

சனி காலை, லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன்.
கம்பிவலைக்கு மேல் குவிந்த செம்பனைக் குலைகள்.
ஒரு பழம் தெறித்து
காரின் கண்ணாடியில் ஆரஞ்சு நிற எண்ணெய்க் கோடு.
அங்கே வந்தது மூன்றாவது.
காய்க்காத செம்பனையை உடனே வெட்டுவதில்லை,
தண்டில் துளை போட்டு மருந்து ஊற்றுவார்கள்.
மட்டைகள் ஒவ்வொன்றாய்த் தொங்கிப்போய்
நின்றபடியே சாகும்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதினேன்:
'மலட்டு மரத்துக்கு மண்டோர் குறித்த நாள்.'
மூன்று 'ம'.
வாய்க்குள் வெல்லம்.
சமையலறை வாசலில் நின்று
உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.
மனைவி மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்:
"எப்சிபா அக்கா
மூணாவது பெஞ்சுல உக்காந்திருப்பாங்களே?"

இருபத்திரண்டு வருஷக் கல்யாணம்.
பிள்ளை கேட்டு இந்தச் சபை இருந்த உபவாசங்கள்.
ஒருமுறை நானே எண்ணெய் பூசி ஜெபித்தேன்.
போன பிப்ரவரியில் அற்புதராஜையும் அடக்கம் செய்தோம்,
கையுறைத் தொழிற்சாலைக் காவலாளி,
என் பிரசங்கங்களை முழுக்கத் தூங்கிக் கழித்தவர்.

நீலப் பேனாவால் ஒரு கோடு.
பிறகு இன்னொன்று.
பிறகு யாருக்கும் தெரியாதபடி நிறைய.

ஞாயிறு. முப்பத்தொரு பேர், இரண்டு கால்.
அத்திமரம் அத்திமரம் என்று பதினேழு நிமிஷம்.
மூன்றாம் குறிப்பு இருந்த இடத்தில்
தண்ணீர் குடித்தேன்.
பொருளாளர் கடிகாரத்தைப் பார்த்தார்,
சந்தோஷமாக.

பிறகு மண்டபத்தில் மீ கோரேங்.
எப்சிபா அக்கா எனக்கொரு தட்டு நீட்டினார்.
"அத்திமரத்த இங்க யாரு பாத்தா ஐயா?
நம்ம மரத்தையே சொல்லியிருக்கலாமே.
எங்க வீட்டுக்காரரு கார்டா போறதுக்கு முன்னால
தோட்டத்துல மருந்து ஊத்துற வேலைதான் பாத்தாரு.
காய்க்காத மரத்துக்கெல்லாம்.
பதினாலாம் நம்பர் காட்டுல, வாய்க்கா ஓரமா ஒண்ணு.
அதுக்கும் வெள்ளச் சாயம் அடிச்சிருந்தாங்க.
துளை போடுற மிஷின் ஒடைஞ்சிருச்சுன்னு
மண்டோருகிட்ட பொய் சொல்லிட்டு
விட்டுட்டு வந்துட்டாரு."

ஏன் என்று கேட்டேன்.

"தெரியாது. கேட்டா சிரிப்பாரு."

"அப்புறம் காய்ச்சுதா?"
என் குரலில் பிரசங்கி இருந்தான்,
எனக்கே கேட்டது.

"காய்க்கவே இல்லீங்க ஐயா.
இருந்துச்சு.
அந்தப் பக்கம் போறப்பல்லாம்
மோட்டார நிறுத்திப் பாப்போம், ரெண்டு பேரும்."
தட்டில் கிடந்த மிளகாயை
ஓரமாய் ஒதுக்கினார்.

அடுத்த வருஷம் என்ன ஆயிற்று என்று
அந்த உவமை சொல்வதில்லை.
பத்தொன்பது வருஷமாய் ஒவ்வொரு முறையும்
அதை நான்தான் சொல்லி முடித்திருக்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்குப் பட்டியலில் வேறு பகுதி:
கல்யாண வீடு, ஆறு கற்சாடிகள்.
மேசையில் பழைய தாள் இன்னும் கிடக்கிறது.
நீல மசிக்கு அடியில்
முதல் 'ம' மட்டும் தெரிகிறது.