வெள்ளெழுத்து

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்குச் சலங்கை பற்றவைப்பவள் நான்.
போன ஐப்பசியில் ஒரு நாள்
இரண்டு மணிகள் ஒன்றாகத் தெரிந்தன.
பற்றுப்பொடி தப்பான இடத்தில் உருகிற்று.
முதலாளி திட்டவில்லை.
"கண்ணைக் காட்டிட்டு வா, பூங்கோதை."

கண் என்றால் எனக்கு ரீட்டாக்கா.
பார்வைதான் முதலில் போயிற்று அவளுக்கு.
மாத்திரை தொடங்கியபோது
மிச்சமிருந்தது முப்பது கிலோ.

அப்போது பெரியாஸ்பத்திரியில் அந்த அறைக்குப்
பெயர்ப்பலகை கிடையாது.
பதினேழாம் நம்பர் என்று கேட்டு வரவேண்டும்,
குரலைத் தாழ்த்தி.
வெளியே பெஞ்சில் ஐந்து பேர்.
என் ரத்தத்தில் காவலுக்கு நின்றவை எண்பத்துநான்கு.
பரீட்சை மார்க்காயிருந்தால்
அம்மா வாயில் சர்க்கரை போட்டிருப்பாள்.

எப்படி வந்தது என்று இன்னும் கேட்கிறார்கள்.
எந்த ரூட்டில் வந்தால் என்ன,
பஸ் ஸ்டாண்டுக்குள் வந்துவிட்டதே பஸ்.

ஒரு வருசம் இருப்பேனா என்றேன்.
டாக்டரம்மா பேனாவை மூடினார், திறந்தார்.
அன்று சாயங்காலமே
ராஜாமணியின் இருபது மாதச் சீட்டிலிருந்து விலகினேன்.
கடைசிச் சீட்டெடுக்க ஆள் வேண்டுமே.

இரவு எட்டு மணி.
முதல் மாத்திரை கன்னத்தைக் குழித்தது.
அடுத்தது கனவைக் கொண்டுவந்தது:
ஏற்காட்டு ஏரி எங்கள் தெருவுக்குள் வந்து நிற்கும்,
படகோடு.
இப்போது ஒன்றே ஒன்று, வெள்ளையாய்.
வீட்டில் டப்பா குலுங்காமலிருக்கப் பஞ்சு வைப்பேன்.
ஓவர்டைம் இரவுகளில் பட்டறையில் பஞ்சு வேண்டாம்.
அத்தனை சலங்கைக்கு நடுவில்
ஒரு டப்பா பேசினால் யாருக்குக் கேட்கும்?

அர்த்தநாரி, உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்தினான்.
தேற்றியது எது என்பதை மறந்தான்.
ஒன்பது மாதம்.
மாதம்மா ஓமலூருக்கு மாற்றிக்கொண்டு போனவள்,
தகவலில்லை.
தகவலில்லாததை நான்
உயிரோடு என்றே கணக்கில் வைத்திருக்கிறேன்.
நாகலூர் அய்யந்துரை இருக்கிறார்.
கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து
பஸ் நின்ற கார்த்திகையில்
மலையைக் குறுக்கே இறங்கி வந்தார்,
செருப்பைக் கையிலும்
அட்டையைத் தலைப்பாகைக்குள்ளும் வைத்துக்கொண்டு.
"நாளைக்கு மாத்திரை இல்லை, அதான்" என்றார்,
பால் தீர்ந்துவிட்டது என்பதுபோல.
இப்போது சர்க்கரையும் இருக்கிறது அவருக்கு.
அதைச் சத்தமாகச் சொல்கிறார்,
அறை முழுக்கக் கேட்க.
சொல்லிக்கொள்ள ஒரு வியாதி கிடைத்த சந்தோஷம்.

கண் டாக்டரிடம் பச்சைப் புத்தகத்தையும் நீட்டினேன்.
புரட்டினார், ஓரமாக வைத்தார்.
விளக்கை இந்தக் கண்ணில், அந்தக் கண்ணில்.
"வயசு?"
"நாற்பத்தாறு."
"இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லம்மா.
வெள்ளெழுத்து.
நாற்பதைத் தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான்."

எல்லாருக்கும்.
அந்தச் சொல்லுக்குள் கடைசியாக
எப்போது நின்றேன்?
படிக்கட்டில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டேன்.
வாட்ச்மேன் மயக்கமா என்று கேட்டார்.

முதல் அக்ரஹாரத்தில் கண்ணாடிக் கடை.
நானூறுக்கு ஒன்று, அறுநூற்றைம்பதுக்கு ஒன்று.
விலை கூடினதை மூக்கில் வைத்துப் பார்த்தேன்.
கடை அட்டையின் பொடி எழுத்து
ஒவ்வொன்றாய் வந்து நின்றது.
"உழைக்குமா?"
"அஞ்சு வருசம் அசையாதுக்கா" என்றான் பையன்.

"அஞ்சுதானா?"