ஏலக் கல்

பொருளாளர் யாரென்று பேச்சு வந்தபோது
எல்லாரும் என் விரலைத்தான் பார்த்தார்கள்.
இருபத்தைந்து இருபத்தைந்தாய்ப்
பீடி எண்ணிக் கட்டுகிற விரல்.
தப்பாது.

அப்படித்தான் இந்த நோட்டு என்னிடம் வந்தது.
முதல் பக்கத்திலிருந்து லாரிக் கணக்கு:
ராத்திரி பதினொன்றுக்கு மேல்
காவல்கிணறு ரோட்டில் போனது எத்தனை,
அதில் தார்ப்பாய் மூடியது எத்தனை.
நோட்டைக் கவிழ்த்துப் பின்னாலிருந்து பிரித்தால்
நன்கொடைக் கணக்கு.
இரண்டும் நடுவில் எங்கோ முட்டிக்கொள்ளும்.

நோட்டீஸில் கலை இரவு என்று போட்டோம்.
ஸ்டேஷனில் கேட்டார்கள்:
"என்ன கலைவே?"
"மகுடம், சார்" என்றான் துரைசிங்.
"வசூல் எதுக்கு?"
"செவுரு பூச."
பொய்யில்லை. குவாரி வெடி தொடங்கிய பிறகு
எங்கள் ஊரில் விரிசலில்லாத சுவர்
கோயிலுக்கும் இல்லை, சர்ச்சுக்கும் இல்லை.
பத்து மணிக்கு மைக்கை நிறுத்துவோம் என்று
எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

யோபுவின் டிராக்டர் பெட்டிதான் மேடை.
கணியான் கூத்துக்காரர்கள்
மகுடத்தைத் தீயில் காட்டிக் காட்டி
ஒற்றை விரலால் சுண்டிப் பார்த்தபோதே
பிள்ளைகள் கைதட்டிவிட்டன.
சாமி கதை நடுவில் அண்ணாவி நிறுத்திக் கேட்டார்:
"மலையத் தூக்கிட்டுப் போறானே,
மலைமேல நின்ன சாமி எங்க போச்சு?"
கூட்டத்தில் ஒரு ஆள் சொன்னார்:
"ஜல்லியாப் போச்சு, அண்ணாச்சி."

பிறகு கரண்ட் போனது.
தானாய்ப் போனதா, போகவைத்ததா, சவம், யாருக்குத் தெரியும்.
எங்கள் பெண்கள் சுளகைக் கவிழ்த்து
இலை வெட்டும் கத்தரியின் வளையத்தால் தட்டிப் பாடினார்கள்.
பாட்டில் பாதி முதலாளியைத் திட்டுவது,
மீதி மாப்பிள்ளையைத் திட்டுவது.
கரண்ட் வந்தபிறகும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

வாளியில் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினைந்து.
மதுரைக் கோர்ட்டுக்கு வேண்டியது பதினெட்டாயிரம்.
சரி, ஏலம்.

அறுப்பின் பண்டிகையில்
ஒரு வாழைத்தார் நாலாயிரத்துக்குப் போகிற ஊர் இது.
இந்த வருஷம் தார் இல்லை, இலையெல்லாம் தூசி.
ஏலத்துக்கு வந்தது
பேச்சித்தங்கத்தின் மாட்டுக் கொட்டகை ஓட்டை
உடைத்துக்கொண்டு விழுந்த கல்.
ரேஷன் கடைத் தராசில் மூன்று கிலோ நானூறு.

வக்கீல் முன்னாடியே சொல்லியிருந்தார்:
கல் சாட்சி. கைமாறக் கூடாது.
ஆகையால் எடுக்கிறவருக்குக் கல் கிடையாது,
ரசீது உண்டு.

சத்துணவு டீச்சர் நானூறுக்கு எடுத்தார்.
"திருப்பி விடுங்க" என்றார்.
மீன்கார லூர்தக்கா அறுநூறு.
அவளும் திருப்பி விட்டாள்.
பஞ்சர் கடை மீரான் எழுநூற்றைம்பது.
கல் வைத்த இடத்தில் இருந்தது,
வாளி கனத்தது.

நாலாவது தடவை
புளியமரத்து இருட்டிலிருந்து ஒரு குரல்:
"ஆயிரத்தி ஒண்ணு."

யாரும் மேலே கேட்கவில்லை.
எல்லாருக்கும் தெரிந்த குரல்.
என் நோட்டின் முன்பக்கங்களில்
அவன் வண்டி முப்பத்தொரு தடவை போயிருக்கிறது.

பக்கத்தில் வந்தான். புருவமெல்லாம் சாம்பல்.
பத்து நூறு ரூபாய்த் தாள், ஒரு துட்டு.
"ரசீது வேண்டாம்க்கா."
"அது முடியாது.
அவங்ககிட்ட கணக்குக் கேக்கோம்,
நாங்க கணக்கில்லாம வாங்கமாட்டோம். பேரு?"

செத்தநேரம் கல்லையே பார்த்தான்.
"வண்டி நம்பரப் போட்டுக்கோங்க.
ஒங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே."

போட்டேன். கை கொஞ்சம் நடுங்கியது,
ஏழு இரண்டு மாதிரி விழுந்துவிட்டது,
திருத்தினேன்.

பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே
மைக் செட் இறங்கியது.
இன்னும் வேண்டியது
ஒன்பதாயிரத்து முப்பத்துநாலு.
கல்லைச் சாக்கில் சுற்றிப்
பேச்சித்தங்கம் இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்,
பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இல்லை,
தண்ணீர்க் குடம் மாதிரி.

பதினொன்றுக்கு நான் ரோட்டோரம் போய்
நோட்டைத் திருப்பி, முன்பக்கம் பிரித்தேன்.
தூரத்தில் இரண்டு விளக்கு ஏறி வந்தது.
அவனாக இருக்கலாம்.
பேனாவைத் திறந்தேன்.