தொடர்ச்சிச் சோதனை

முதல் நாள் அந்த மீற்றர் கீச்சென்றதும்
இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டேன்.
முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது.
பக்கத்துக் கதிரைப் பொடியன் சிரித்தான்.
அவனுக்குப் பத்தொன்பது.
எனக்கு நாற்பத்தாறு, மூக்கில் புதுக் கண்ணாடி,
பெயர்ப் பட்டியலில் கடைசி ஆள்:
த. யோகநிதி, கரடியனாறு.

"சத்தம் வந்தா நல்லம் அக்கா," என்றாள்
பயிற்றுநர் ரிஸ்மியா.
"இந்த முனைக்கும் அந்த முனைக்கும்
வழி இரிக்கி எண்டு அர்த்தம்."
சத்தம் வந்தால் நல்லது.
கொப்பியில் எழுதி அடிக்கோடும் இட்டேன்.
எழுதிய விரல் நம்பவில்லை.

எட்டு வருசம்
வாகரையிலும் வடமுனைப் பக்கத்திலும்
சிவப்புத் தடிகளுக்கு நடுவே
ஒரு மீற்றர் அகல நிலத்தில்
முழந்தாளிட்டுச் சம்பளம் எடுத்தவள் நான்.
அங்கே கீச்சென்றால்
மூச்சைப் பிடி, குறி வை,
கத்தியைச் சரித்து மண்ணைச் சுரண்டு.
பெரும்பாலும் ஆணி. சோடா மூடி. ரின்மீன் தகரம்.
பதினொரு தடவை மட்டும்
ஆணி அல்ல.

வேலை முடிந்தது என்று ஒருநாள்
கேக் வெட்டி அனுப்பிவிட்டார்கள்.
மறுகா கார்மென்ட். மறுகா கோழிப்பண்ணை.
மறுகா ஒன்றுமில்லை.

இப்போது ஏறாவூரில்
அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு குளிரூட்டிய அறை.
நீர்ப்பம்பிக்கான கட்டுப்பாட்டுப் பலகைகள்.
ஆறு மாதப் பயிற்சி, தேறினால் நிரந்தரம்.

மணிக்கட்டில் ஒரு பட்டி கட்டுகிறார்கள்.
அதிலிருந்து சுருள் வயர் நிலத்துக்குப் போகிறது.
என் உடம்பில் மின்னல் இருக்கிறதாம்.
தலை சீவினால், நைலோன் சேலை உரசினால்
சேர்ந்துகொள்ளுமாம்.
எனக்கே தெரியாமல்
விரல் நுனியால் தொட்டு
குறுநொய் அளவுச் சிப் ஒன்றைக்
கொன்றுவிடுவேனாம்.

நிலத்துக்குப் பயந்து எட்டு வருசம்.
இங்கே நிலம்தான் காவல்,
ஆபத்து நான்.
பட்டியை இன்னும் ஒரு துளை இறுக்கினேன்.

கறுப்பு பூச்சியம், மண்ணிறம் ஒன்று, சிவப்பு இரண்டு.
செங்கலடி பஸ்ஸில் பாடமாக்குகிறேன்.
பச்சை ஐந்து என்று சொல்லும்போது
யன்னலுக்கு இரண்டு பக்கமும் வேளாண்மை.
நீலமும் ஊதாவும்தான் மாறிப்போகும்,
திரும்பி வரும்போது, பொழுது சாயும் வெளிச்சத்தில்.
தடையிக்குத் தடுப்பதுதான் தொழில்,
ஆனால் எவ்வளவு என்று
உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது.
இப்படி நேர்மையான அதிகாரியை நான் கண்டதில்லை.

முதல் செய்முறைப் பரீட்சையில் தோற்றேன்.
நாற்பது பலகை கேட்டார்கள்,
பத்தொன்பது கொடுத்தேன்.
படிவத்தில் ரிஸ்மியா எழுதியது:
வேகம் போதாது. பிழை இல்லை.
இரண்டாவது வசனத்தில்
பேனை தாளைக் கொஞ்சம் கிழித்திருந்தது.

போன திங்கள் மூன்று பலகை திரும்பி வந்தன.
சிலவேளை வேலை செய்யும், சிலவேளை செய்யாது.
கண்ணுக்கு எல்லாம் சரி.
பொடியன் பார்த்தான், மேற்பார்வையாளர் பார்த்தார்,
தேநீர் நேரம் வந்தது, எழும்பிப் போனார்கள்.

நான் மேல் மூலையில் தொடங்கினேன்.
இடமிருந்து வலம்,
மறுகா அரை விரற்கடை கீழே, மறுகா இடமிருந்து வலம்.
பார்த்த இடத்தைப் பார்த்ததாக நினைப்பதில்லை,
தொட்ட பிறகுதான் தாண்டுவது.
கீச். கீச். கீச்.
நாற்பத்தோராவது காலில்
ஒன்றுமில்லை.

அந்தக் காட்டில் மௌனத்தின்மேல்தான்
அடுத்த முழங்காலை வைப்போம்.
இங்கே மௌனம்தான் பிழை.
பற்றாசு பாலாடைபோல மங்கி,
ஒட்டியமாதிரி நடித்துக்கொண்டு,
ஒட்டாமல் நின்றது.

சூட்டுக்கோலை வைத்தேன். புகை எழுந்தது.
ஈயம் ஒரு கணம் கண்ணீர்போல் மினுங்கி
இறுகியது.
முனைகளை வைத்தேன்.
கீச்.

இரண்டு கையும் மேசையிலேயே இருந்தன.
முழங்காலுக்கு மட்டும்
இன்னும் யாரும் சொல்லவில்லை.

வியாழன் மறுபரீட்சை.
நாற்பது பலகை.