எண்ணெய்ச் சருமமா, வறண்டதா

"எண்ணெய்ச் சருமமா, வறண்டதா?"
குன்னூர் மார்க்கெட் முக்கு மருந்துக்கடையில் பெனாசிர் கேட்டாள்,
ஐந்து ட்யூபுகளைக் கண்ணாடி மேல்
சீட்டுக்கட்டாய்ப் பரப்பிவிட்டு.

எந்த ஸ்டேஷனில் என்று கேட்டிருக்க வேண்டும் அவள்.

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணிக்கே
நெற்றி துடைத்த கைக்குட்டையில் அப்பளம் பொரிக்கலாம்.
கல்லாறு தாண்டி, பல்லோடு பல் கடித்து,
எஞ்சின் பின்னாலிருந்து எங்களைத் தள்ளத் தொடங்கும்போது
பாக்குத்தோப்புக் காற்று, பிசுபிசு.
ரன்னிமேடில் பனி வந்து கன்னத்தை நக்கி
உப்பை மட்டும் விட்டுப் போகும்.
வெலிங்டனுக்கு மேல் உதட்டோரம் வெடிக்கும்.
லவ்டேலில் யாராவது நகைச்சுவை சொன்னால்
எனக்கு ரத்தம் வரும்.

இருபத்தொரு வருஷம்
முதல் பெட்டியின் முன்மேடையில்
ஒரு கையில் கொடி, ஒரு கையில் பிரேக் சக்கரம்,
தலை மட்டும் இடப்பக்கம் வெளியே.
பயணப்படி, பஞ்சப்படி எல்லாம் சம்பளச் சீட்டில் ஏறியது.
கன்னப்படி கன்னத்திலேயே ஏறியது.

போன மாதம் புது அடையாள அட்டைக்குப் படம்.
போட்டோக்காரர் "லைட் சரியில்லை" என்று
விளக்கை மூன்று முறை நகர்த்தினார்.
லைட் சரியாகத்தான் இருந்தது.

"ஏழே நாளில் சிவப்பழகு" என்றது ஒரு டப்பா.
சிவப்பு என்றால் எனக்கு நில்.
நான் சொல்லும் முன்பே
பெனாசிர் அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டாள்.

அடுத்ததை மணிக்கட்டில் தடவிப் பார்த்தேன்.
சுண்ணாம்படித்த மைல்கல்.
இந்த முகத்தோடு பச்சைக்கொடி காட்டினால்
டிரைவர் எதை நம்புவார்?
ரோஜா வாசனை ஒன்று, மூன்றாம் பெட்டி திரவியம்
ஊட்டி வரைக்கும் கேலி பேசப் போதுமானது.
தண்ணி மாதிரி ஒன்று, ஜெல்லாம்,
தடவிய இடம் தெரியவில்லை,
தடவினேனா என்றே சந்தேகம்.

"முப்பதுக்கும் ஐம்பதுக்கும் என்னம்மா வித்தியாசம்?"
"நூத்தி எண்பது ரூபா" என்றவள்
பாவம் பார்த்துத் தொடர்ந்தாள்:
"ஒழுங்காப் போட்டா முப்பதே போதும்ணா.
நீங்க ஒழுங்காப் போட மாட்டீங்க. ஐம்பது எடுங்க."

முதலில் ஈரப்பதக் கிரீம்.
அது உள்ளே இறங்க ஐந்து நிமிஷம்.
அப்புறம் இது, ரெண்டு விரல் நீளம்.
காதையும் கழுத்தையும் விடாதீங்க.
ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திரும்ப.
"மேகம் மூடியிருந்தா?"
"மூடியிருந்தாலும். மேகம் வெயிலைத்தான் மறைக்கும்,
சுடுறதை மறைக்காது."
"பதினாறு குகை வருதே, அதுக்குக் கழிவு உண்டா?"
பில் போட்டுக்கொண்டே சிரித்தாள்.

மீதிச் சில்லறையோடு, நான் கேட்காததையும் கொடுத்தாள்:
"இருக்கிற கறுப்பு இதுல போகாதுண்ணா.
இனிமே கூடாது, அவ்வளவுதான்."

போக வேண்டாம்.
எங்கே நின்றேன் என்பதற்கு வேறு ரசீது
என்னிடம் இல்லை.

இன்று ஹில்குரோவ்.
எஞ்சின் தண்ணீர் குடிக்கிறது.
பயணிகள் குரங்கைப் படம் எடுக்கிறார்கள்,
குரங்கு என்னைப் பார்க்கிறது.
ஆள்காட்டி விரலில் ஒரு கோடு, நடுவிரலில் ஒரு கோடு.
இடது கன்னத்துக்கு முழுக் கோடும் கொடுக்கலாமென்றுதான் இருந்தேன்.
வெயிலே காணாத வலது கன்னம்
சரிபாதி கேட்டு வாங்கிக்கொண்டது.

தூரத்தில் திரவியம் எதையோ கத்துகிறான்,
ரோஜா இல்லாமலேயே.

விசில் வந்துவிட்டது.
விரலில் மிச்சமிருந்ததைக் காதுக்குப் போட்டேன்,
அப்படியும் போகாததைச் சட்டையில் துடைத்தேன்,
மறுபடி துடைத்தேன்.
பிரேக் சக்கரம் வழுக்கக் கூடாது.